மலிவு விலை வயர் கொன்ட்ரோலர்: வாங்குவதும் சோதிப்பதும் பொருத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் கணினியும் போனும் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். தவணை விடுமுறை தொடங்கினாலும் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வந்தாலும், அடுத்த நாளே மேசைக்கு இரண்டு மூன்று கேம் கொன்ட்ரோலர்கள் வந்துவிடும். தம்பிக்காக அண்ணன் புறக்கோட்டையில் வாங்கி வந்ததாக இருக்கும், அல்லது இணையத்தில் கேட்டுப் பாசலில் வந்ததாக இருக்கும். “வேலை செய்யவில்லை” என்றுதான் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் அதில் பழுது எதுவும் இருக்காது. திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 கணினிகளை மனதில் வைத்து எழுதியது. போனுக்கும் மற்றவற்றுக்கும் பின்னால் தனியாகப் பதில் உண்டு.

வயர் உள்ளதா, வயர் இல்லாததா? எதை வாங்குவது?

கையில் சில ஆயிரம் ரூபாய்தான் என்றால் வயர் உள்ளதை வாங்குங்கள். வயர் இல்லாததில் பற்றரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் சுற்று, சமிக்ஞை அனுப்பும் பகுதி, கணினியில் செருகும் சின்ன ஏற்பி என்று காசு நான்கு பக்கம் பிரிந்து போகிறது. விலை மட்டும் அதேதான் என்றால் எங்கே மிச்சம் பிடித்திருப்பார்கள்? பெருவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கிலும் பொத்தானுக்கு அடியில் இருக்கும் இறப்பரிலும்தான். அந்தச் சின்ன ஏற்பி தொலைந்துவிட்டால் கொன்ட்ரோலரும் வெறும் பிளாஸ்டிக்தான்.

வயரின் ஒரே குறை அதன் நீளம். பெரும்பாலும் ஒன்றரை மீற்றரிலிருந்து இரண்டு மீற்றர் வரைதான் இருக்கும். போதவில்லை என்றால் நீட்டிப்புக் கேபிள் போடலாம். யூஎஸ்பி 2.0 விதிப்படி மொத்த நீளம் 5 மீற்றரைத் தாண்டக்கூடாது. மலிவான கேபிளாக இருந்தால் 3 மீற்றரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடையில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன. என்ன கேட்டு வாங்க வேண்டும்?

மூன்று கேள்விகள் போதும். எக்ஸ்இன்புட் முறையில் (கணினியோடு எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் போலப் பேசும் முறை) வேலை செய்யுமா? பின்பக்கத்து எல்டி, ஆர்டி ட்ரிகர்கள் (சுட்டுவிரலால் அழுத்தும் இடது, வலது விசைகள்) அழுத்தத்தின் அளவை உணருமா, இல்லை வெறும் பொத்தான்களா? ஸ்டிக்கின் உள்ளே ஹோல் உணரி இருக்கிறதா? முதல் கேள்விக்கு “ஆம்” என்ற பதில் கட்டாயம் வேண்டும். இரண்டாவது கார் ஓட்டும் கேம்களுக்கு முக்கியம். மூன்றாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். சாதாரண ஸ்டிக்கில் கரிப்பூச்சு பூசிய தடமொன்றின் மேல் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும், நாளாவட்டத்தில் தடம் தேயும். ஹோல் உணரியில் காந்தம்தான் வேலை செய்கிறது. உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானமும் இல்லை.

ஏழு நிறத்தில் மின்னும் விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். “பிசி, பிஎஸ்3, அன்ட்ரொய்ட்” என்று பெட்டியில் வரிசையாக எழுதியிருப்பதை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். பிசியில் எந்த முறையில் வேலை செய்யும் என்பதை அந்த வரி சொல்லாது.

செருகியவுடன் சிவப்பு லைட் எரிகிறது. அப்படியென்றால் வேலை செய்கிறதுதானே?

இல்லை. வயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. (மிக மலிவான கேபிள்களில் இந்த நிறங்களும் மாறியிருக்கும். வெட்டி ஒட்டப் போகிறவர்கள் மல்டிமீற்றரால் அளந்துவிட்டே தொடுங்கள்.) முதல் இரண்டும் நன்றாக இருந்தால் லைட் எரியும். பச்சையோ வெள்ளையோ அறுந்திருந்தாலும் லைட் அழகாக எரிந்துகொண்டுதான் இருக்கும், கணினிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

செருகும்போது விண்டோஸ் “டிங்” என்று ஒலி எழுப்புகிறதா என்று கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் வேறு துளையில் செருகிப் பாருங்கள். மூன்று துளைகளிலும் சத்தம் வரவில்லை என்றால் இன்னொரு கணினியில் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் கொன்ட்ரோலரை மாற்றிக் கேட்க வேண்டியதுதான்.

கேம் ஏற்றாமல் எப்படிச் சோதிப்பது?

கேமில் சோதிப்பதைவிடக் கேம் இல்லாமல் சோதிப்பதுதான் சரியான முறை. கேம்கள் ஸ்டிக்கின் சிறிய பிழைகளை மறைத்துவிடும். இல்லையென்றால் தமது அமைப்பிலுள்ள பிழையைக் கொன்ட்ரோலரின் தலையில் போடும். எண்கள் அப்படிச் செய்யாது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் சின்னப் பெட்டியில் ஜே, ஓ, வை, ஒரு புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். செருகியிருக்கும் கொன்ட்ரோலர்களின் பட்டியல் வரும். அதைத் தெரிவு செய்து ‘புரொப்பர்ட்டீஸ்’ அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும். இனி இந்தப் பக்கத்தை ‘ஜாய் பக்கம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

அதில் முதலில் பொத்தான் வட்டங்களை எண்ணுங்கள். 10 வட்டங்கள் இருந்து, பெயரில் ‘எக்ஸ்பொக்ஸ் 360’ என்று வந்தால் கொன்ட்ரோலர் எக்ஸ்இன்புட் முறையில் இருக்கிறது. 12 வட்டங்கள் இருந்து, ‘யூஎஸ்பி கேம்பேட்’, ‘ட்வின் யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்’ போன்ற பொதுப் பெயர் வந்தால் பெரும்பாலும் பழைய டைரக்ட்இன்புட் முறை. இந்த ஒரு தகவலே பின்னால் வரும் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும், அதனால் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு பொத்தானாக மெதுவாக அழுத்துங்கள். நடுவில் மட்டுமல்ல, விளிம்பிலும் அழுத்திப் பாருங்கள். ஸ்டிக்கைக் கீழ்நோக்கி அழுத்தினாலும் அது ஒரு பொத்தான்தான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். திசைப் பொத்தானில் மேல் பக்கத்தை மட்டும் அழுத்தும்போது அம்பு சரிந்து மூலைக்குப் போகிறதா என்று கவனியுங்கள். மலிவான கொன்ட்ரோலர்களில் அதிகம் தவறுவது இந்த இடம்தான். ஸ்டிக்கின் துல்லியத்தைப் பார்க்க ஜாய் பக்கம் போதாது. கேம்பேட் சோதிக்கும் இணையப் பக்கமொன்றை பிரவுசரில் திறந்தால் ஒவ்வோர் அச்சுக்கும் −1 முதல் +1 வரை எண் காட்டும். அதிர்வு மோட்டார்களையும் அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு மோட்டார்கள் உள்ளதில் இடது கைப்பிடியில் கனமான அதிர்வும் வலதில் மெல்லிய நடுக்கமும் தெரிய வேண்டும்.

இணையப் பக்கத்தில் கொன்ட்ரோலரே இல்லை என்று காட்டுகிறது. ஜாய் பக்கத்தில் தெரிகிறதே?

ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். பயனர் பொத்தானைத் தொடும்வரை கொன்ட்ரோலர் இருப்பதைப் பிரவுசர் இணையத்தளத்துக்குக் காட்டாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் எண் பூச்சியத்துக்கு வரவில்லை. திருப்பிக் கொடுக்கவா?

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 0.02, 0.05 என்று நிற்பது சாதாரணம். விலை உயர்ந்த கொன்ட்ரோலரும் அச்சொட்டாகப் பூச்சியத்தில் நிற்பதில்லை. அதற்காகத்தான் கேம்கள் ஸ்டிக்கின் நடுப்பகுதியில் ஒரு வட்டத்தைப் புறக்கணிக்கின்றன. டெட்ஸோன் என்பது அதைத்தான். எக்ஸ்இன்புட்டுக்கு மைக்ரோசொஃப்ட் பரிந்துரைக்கும் அளவு, மொத்தம் 32767 என்ற வீச்சில் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. அதாவது நாலில் ஒரு பங்கு அளவுக்குப் பிழையை மன்னிக்கலாம் என்று கணக்கு. ஆனால் எல்லாக் கேம்களும் அந்த அளவைப் பின்பற்றுவதில்லை.

ஆகவே, ஸ்டிக்கை இடது எல்லை வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள். எண்ணைப் பாருங்கள். பிறகு வலது, மேல், கீழ். நான்கு பக்கத்திலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் நல்ல ஸ்டிக். இடமிருந்து வந்தால் −0.12, வலமிருந்து வந்தால் +0.14 என்று வேறு வேறு இடங்களில் நின்றால் உள்ளே ஸ்பிரிங் தளர்வு. புதிய கொன்ட்ரோலரில் 0.15க்கு மேல் கண்டால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். கை படாமலே எண் துடித்துக்கொண்டிருந்தால் அதையும் ஏற்காதீர்கள்.

எல்லை வரை தள்ளும்போது 1 வரை போகிறதா என்பதையும் பாருங்கள். 0.85இலேயே நின்றுவிட்டால் பந்து வீரன் ஓடவே மாட்டான், நடந்துகொண்டே இருப்பான்.

வலது ஸ்டிக்கை ஆட்டினால் பொத்தான்கள் எரிகின்றன. இடது ஸ்டிக் திசைப் பொத்தான் போல வேலை செய்கிறது. உள்ளே வயர் மாற்றிப் போட்டுவிட்டார்களா?

யாரும் எதையும் மாற்றவில்லை. நடுவில் ‘அனலொக்’ அல்லது ‘மோட்’ என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை ஒருமுறை அழுத்துங்கள். சிவப்பு லைட் எரிந்தால் ஸ்டிக்குகள் அளவை உணரும். அணைந்திருந்தால் இடது ஸ்டிக் திசைப் பொத்தானின் வேலையையும், வலது ஸ்டிக் நான்கு முகப்புப் பொத்தான்களின் வேலையையும் எடுத்துக்கொள்ளும். ஸ்டிக் இல்லாத காலத்துக் கேம்களுக்காக வைத்த ஏற்பாடு இது. மேசைக்கு ‘பழுது’ என்று வருபவற்றில் மிக அதிகமானவை இந்தப் பொத்தானால் வந்தவைதான்.

ஜாய் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, அண்ணா. கேமைத் திறந்தால் ஒன்றுமே அசையவில்லை. ஏன்?

தாளில் குறித்த அந்த எண்ணைப் பாருங்கள். 12 என்றால் காரணம் அதுதான். கணினி கொன்ட்ரோலரோடு பேச விண்டோஸில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. டைரக்ட்இன்புட் பழையது. எந்தப் பொத்தான் எங்கே என்று அதற்குக் கவலையில்லை, ‘பொத்தான் 1, பொத்தான் 2’ என்று எண்தான். எக்ஸ்இன்புட் 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360 வந்த காலத்தது. எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரின் வடிவத்தையே அளவுகோலாக வைத்து, ஏ, பி, எக்ஸ், வை இன்ன இடத்தில்தான் என்று நிர்ணயித்துவிட்டது. அதனால் அதற்குப் பின் வந்த கேம்கள் பல எக்ஸ்இன்புட் மட்டும் கேட்கின்றன. 2005 ஜூனில் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ் போன்றவை பழைய வழியில் பேசும்.

பல மலிவு கொன்ட்ரோலர்களில் இரண்டு முறைகளும் உண்டு. ‘ஹோம்’ அல்லது ‘மோட்’ பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். சிலவற்றில் வயரைச் செருகும்போதே ஒரு பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும். உறைக்குள் இருக்கும் துண்டுத்தாளை எறிந்துவிடாதீர்கள், எந்தப் பொத்தான் என்பது அதில்தான் இருக்கும். லொஜிடெக் எஃப்310 போன்றவற்றில் இதற்கென்றே பின்பக்கத்தில் எக்ஸ், டி என்ற சுவிட்ச் உள்ளது. மாற்றிய பின் ஜாய் பக்கத்தை மூடித் திறந்து வட்டங்களை மறுபடி எண்ணுங்கள். கேம் திறந்திருக்கும்போது மாற்றினால் சில கேம்கள் கண்டுகொள்ளாது. முதலில் கொன்ட்ரோலர், பிறகு கேம் என்ற ஒழுங்கைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினியில் எக்ஸ்இன்புட்டுக்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். 10, 11இல் அது உள்ளேயே இருக்கிறது.

என்னுடையதில் அந்த மாற்றும் வசதியே இல்லை. எறிந்துவிட வேண்டியதுதானா?

வேண்டாம். கேம் விற்கும் தளமான ஸ்டீமின் மென்பொருளை இலவசமாக நிறுவி, அதன் அமைப்புகளில் கொன்ட்ரோலர் பகுதிக்குப் போய், பொதுவான கொன்ட்ரோலர்களுக்கான ‘ஸ்டீம் இன்புட்’டை இயக்குங்கள். எந்தப் பொத்தான் எது என்று அது வரிசையாகக் கேட்கும். நீங்கள் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினால் போதும், அதன்பின் கேமுக்கு உங்கள் கொன்ட்ரோலர் எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலராகவே தெரியும். ஸ்டீமில் வாங்காத கேமையும் அதன் பட்டியலில் சேர்த்து, அங்கிருந்து திறக்கலாம். டெட்ஸோனைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அதே பகுதியில் உண்டு. 0.1 அளவுக்கு நகரும் பழைய ஸ்டிக்குக்கு அது மருந்து.

ஸ்டீம் வேண்டாம் என்பவர்கள் எக்ஸ்360சிஇ என்ற சிறு மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும். இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஒருமுறை அழுத்தினால் மெனுவில் இரண்டு வரி தாவுகிறது. பொத்தான் ஒட்டிக்கொள்கிறதா?

ஜாய் பக்கத்தில் அதே பொத்தானை அழுத்துங்கள். அங்கே ஒருமுறைதான் எரிகிறது என்றால் பொத்தான் நல்லதுதான். ஒரே அழுத்தத்தைக் கேம் நேராக ஒருமுறையும் ஸ்டீம் வழியாக ஒருமுறையும் கேட்கிறது. ஸ்டீமில் அந்தக் கேமின் புரொப்பர்ட்டீஸுக்குள் கொன்ட்ரோலர் பகுதியில் ஸ்டீம் இன்புட்டை அந்த ஒரு கேமுக்கு மட்டும் நிறுத்துங்கள். உங்கள் கொன்ட்ரோலர் ஏற்கனவே எக்ஸ்இன்புட்டில் இருந்தால் ஸ்டீமின் உதவி பெரும்பாலும் தேவையில்லை.

ஜாய் பக்கத்திலும் இரண்டுமுறை எரிந்தால் அது இறப்பரின் குற்றம். கீழே ஈரம் பற்றிய பதிலைப் பாருங்கள்.

எல்டியை அழுத்தினால் கோடு ஒரு பக்கம், ஆர்டியை அழுத்தினால் மறுபக்கம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடுவுக்கே வந்துவிடுகிறது. ட்ரிகர் போய்விட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நிதானமாகச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பாராட்டுகள். ட்ரிகருக்கு ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்பொக்ஸ் வகைக் கொன்ட்ரோலரைப் பழைய வழியில் காட்டும்போது விண்டோஸ் இரண்டு ட்ரிகர்களையும் ஒரே இசட் அச்சில் போட்டுவிடுகிறது. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். சேர்த்து அழுத்தினால் பூச்சியம். ஜாய் பக்கம் அந்தப் பழைய வழியில்தான் பார்க்கிறது. எக்ஸ்இன்புட்டில் இரண்டும் தனித்தனி, 0 முதல் 255 வரை. இணையச் சோதனைப் பக்கத்தில் பாருங்கள், இரண்டும் ஒன்றாக நிரம்பும்.

அங்கேயே ட்ரிகரை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். எண் 0.1, 0.3, 0.6 என்று ஏறினால் அது அளவை உணரும் ட்ரிகர். 0இலிருந்து நேரே 1க்குத் தாவினால் அது ட்ரிகர் வடிவில் செய்த பொத்தான். பந்து விளையாட்டுக்குக் குறையில்லை. கார் ஓட்டும் கேமில் மட்டும் எந்த வளைவிலும் அக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடியேதான் போக வேண்டும். கடுகண்ணாவை இறக்கத்தில் அப்படி ஒரு பஸ்ஸை நினைத்துப் பாருங்கள்.

ஜாய் பக்கத்தில் கலிபரேட் செய்தேன். அங்கே ஸ்டிக் நடுவில் நிற்கிறது, கேமில் இன்னும் நகர்கிறது. எப்படி?

அந்தக் கலிபரேஷன், அதாவது ஸ்டிக்கின் நடுவையும் எல்லைகளையும் விண்டோஸுக்குக் காட்டிக்கொடுப்பது, டைரக்ட்இன்புட் வழிக்கு மட்டும்தான். எக்ஸ்இன்புட் கேட்கும் கேம் அதை எடுத்துக்கொள்ளாது. கேமின் அமைப்புகளிலோ மேலே சொன்ன ஸ்டீம் பகுதியிலோ டெட்ஸோனைக் கூட்டுங்கள். இன்னொன்று: கலிபரேட் செய்யும்போது ஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே ‘நடு’ என்று ஒப்புக்கொடுத்தால் நல்ல கொன்ட்ரோலரும் கோணலாகிவிடும். அப்படி ஆகியிருந்தால் அதே பக்கத்தில் ‘ரீசெட் டு டிஃபோல்ட்’ கொடுங்கள்.

கிரிக்கெட் 07, பெஸ் 2013 போன்ற பழைய கேம்களில் பொத்தான்கள் எல்லாம் மாறிக் கிடக்கின்றன.

எண்ணின் கோளாறு. ட்வின் யூஎஸ்பி வகையில் முக்கோணம் 1, வட்டம் 2, பெருக்கல் 3, சதுரம் 4. வேறு வகையில் வரிசை வேறு. கேம் எதிர்பார்ப்பது இன்னொரு வரிசை. கால்பந்துக் கேமான பெஸ்ஸில், கேம் இருக்கும் கோப்புறையில் ‘செட்டிங்ஸ்’ என்ற தனி நிரல் இருக்கிறது. கேமைத் திறக்கும் முன் அதைத் திறந்து ஒவ்வொரு பொத்தானையும் ஒதுக்குங்கள். கிரிக்கெட் 07இல் கேமுக்குள்ளேயே கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு. அதற்கு முன் மோட் லைட் எரிகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒதுக்கியதெல்லாம் லைட் மாறும்போது மறுபடி குழம்பும்.

போனில் செருகி விளையாடலாமா?

ஓடிஜி, அதாவது யூஎஸ்பி கருவிகளைப் போனிலேயே செருகும் வசதி, உள்ள அன்ட்ரொய்ட் போனில் விளையாடலாம். போனின் துளைக்கேற்ற ஓடிஜி இணைப்பு ஒன்று வேண்டும், விலை மிகக் குறைவு. சில போன்களில் ஓடிஜியை அமைப்புகளில் போய் இயக்க வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக அணைந்தும்விடும். கொன்ட்ரோலர் வேலை செய்தால் முகப்புத் திரையிலேயே திசைப் பொத்தானால் ஐகன்களிடையே நகர முடியும். அதுதான் சோதனை.

நகர்கிறது, ஆனால் கேமில் இல்லை என்றால் அந்தக் கேம் கொன்ட்ரோலரை ஏற்பதில்லை. பப்ஜி மொபைல் அப்படித்தான். பொத்தான் அழுத்தத்தைத் திரைத் தொடுகை போலக் காட்டி ஏமாற்றும் செயலிகளைப் போட்டு விளையாடினால் கணக்கே முடக்கப்படலாம். சோனியின் பழைய கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் கேம்களை ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி போன்ற செயலிகளுக்கு மலிவு கொன்ட்ரோலர் நன்றாகவே பொருந்தும்.

பிஎஸ்4இல்?

வேலை செய்யாது. பிஎஸ்4, பிஎஸ்5, புதிய எக்ஸ்பொக்ஸ் எல்லாம் அனுமதி பெற்ற கொன்ட்ரோலர்களைத்தான் ஏற்கும். பிஎஸ்3 பொதுவான யூஎஸ்பி கொன்ட்ரோலரை ஏற்கும், நடுவிலுள்ள பிஎஸ் பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் போகலாம்.

அழுத்தினால் கொஞ்சம் தாமதமாக ஓடுகிறான். மலிவு என்பதாலா?

பெரும்பாலும் இல்லை. சாதாரண கொன்ட்ரோலர் நொடிக்கு 125 தடவை, அதாவது 8 மில்லி செக்கனுக்கு ஒருமுறை தன் நிலையைச் சொல்கிறது. நொடிக்கு 60 படச் சட்டங்களில் (ஃப்ரேம்) ஓடும் கேமில் ஒரு சட்டத்துக்கே 16.7 மில்லி செக்கன் ஆகிறது. கையால் உணரக்கூடிய தாமதம் என்றால் டிவியைச் சந்தேகியுங்கள். டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதை இயக்குங்கள்.

கோல் அடிக்கும் நேரத்தில் கொன்ட்ரோலர் துண்டித்துக்கொண்டு மறுபடி இணைகிறது.

கோல் அடிக்கும் நேரத்தில்தான் என்பதைக் கவனித்தீர்களா? அப்போதுதான் அதிர்வு மோட்டார்கள் சுழல்கின்றன, மின்சாரம் அதிகம் இழுக்கிறது. யூஎஸ்பி 2.0 துளை முறைப்படி 500 மில்லி அம்பியர் வரை தர வேண்டும். பெட்டியின் முன்பக்கத் துளைகளும் மின்சாரம் இல்லாத யூஎஸ்பி பிரிப்பான்களும் அந்த நேரத்தில் தடுமாறும். பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். கேமில் அதிர்வை நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள். அப்போது துண்டிக்கவில்லை என்றால் காரணம் உறுதி.

அதிர்வை நிறுத்தியும் துண்டிக்கிறது என்றால் ஜாய் பக்கத்தைத் திறந்து வைத்து, வயர் கொன்ட்ரோலருக்குள் நுழையும் கழுத்தை மெதுவாக நான்கு பக்கமும் வளையுங்கள். பட்டியலிலிருந்து மறைந்து மறைந்து வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. கொன்ட்ரோலரைச் சுற்றி வயரை இறுக்கிச் சுற்றி வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். அதே கழுத்துக்குக் கிட்ட வெட்டி, நான்கு கம்பிகளையும் மறுபடி ஈயப்பற்று வைத்தால் தீரும். திருத்துவதற்கு இலகுவான பழுது இது ஒன்றுதான். கழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் சும்மா வைத்திருக்கும்போது மட்டும் துண்டிக்கிறது என்றால், விண்டோஸ் மின்சார அமைப்புகளில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ என்பதை நிறுத்துங்கள்.

மழைக்காலம் வந்தால் பொத்தான்கள் ஒட்டுகின்றன, இல்லையென்றால் இரண்டுமுறை அழுத்துகின்றன. நுவரெலியா குளிருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

குளிர் கெடுப்பதில்லை, ஈரம்தான் கெடுக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, ஹப்புத்தளை எங்கும் மூடுபனி வாசல் வழியாக உள்ளே வரும் நாட்கள் உண்டு. குளிர்ந்த கொன்ட்ரோலர் மேல் அந்த ஈரம் படியும். பொத்தானின் கீழே கரி பூசிய இறப்பர் குமிழ் ஒன்று சுற்றுப் பலகையைத் தொட்டுத்தான் இணைப்பு உண்டாகிறது. இரண்டுக்கும் நடுவே ஈரமும் கைவியர்வையும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து ஒரு படலம் உண்டாகிவிட்டால் அழுத்தம் சரியாகப் பதியாது.

பின்பக்க ஆணிகளைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் பலகையின் கறுப்புப் புள்ளிகளை மெதுவாகத் துடையுங்கள். இறப்பரைத் துடைக்கும்போது அழுத்தித் தேய்க்காதீர்கள், கரிப்பூச்சே வந்துவிடும். ட்ரிகரின் ஸ்பிரிங் துள்ளிப் பறக்கும், அதனால் ஒரு தட்டுக்குள் வைத்துத் திறவுங்கள். அதிர்வு மோட்டாரின் மெல்லிய கம்பிகளை இழுத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். வாசனைத் திரவியம் அடித்துச் சுத்தம் செய்து கொண்டுவந்தவர்களும் உண்டு, அது எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும். விளையாடி முடிந்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வைத்தாலே இந்த வேலை குறையும். அடுப்புக்கு மேலுள்ள தட்டில் காய வைப்பது மட்டும் கூடாது.

இடி மின்னலில் விளையாடலாமா? கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதே, அது கொன்ட்ரோலராலா?

கொன்ட்ரோலரில் 5 வோல்ட்தான். அது சுரீர் என்னாது. தோட்டத்துப் பழைய லயன் வீடுகளில் பல இடங்களில் எர்த் கம்பி சரியாக இல்லை, அல்லது மூன்று முனை ப்ளக்கை இரண்டு முனையாக மாற்றிச் செருகியிருப்பார்கள். எர்த் இல்லாதபோது கணினியின் மின்வழங்கியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் பெட்டியின் உலோகத்தில் நிற்கும். யூஎஸ்பி முனையின் உலோக உறையும் அதே பெட்டியோடுதான் இணைந்திருக்கிறது. தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சரிசெய்யும்வரை, வெறுங்காலோடு ஈரச் சீமெந்துத் தரையில் நின்று செருகவோ கழற்றவோ வேண்டாம்.

சித்திரை மாத வாக்கிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி இங்கே கடுமை. முழக்கம் கேட்டால் சுவரிலிருந்து ப்ளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும் சேர்த்து. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

கடையில் “விற்ற பொருள் திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். என்ன செய்வது?

பணம் கொடுப்பதற்கு முன், கடையிலுள்ள கணினியில் செருகி ஜாய் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பாசலில் வந்ததென்றால் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள், அன்றைக்கே சோதியுங்கள். தோட்டத்துக்கு வரும் பாசல் பெரும்பாலும் நகரத்தில் போய் எடுக்க வேண்டியதாகத்தான் இருக்கும், திருப்பி அனுப்பும் நாட்கள் அதிலேயே பாதி ஓடிவிடும். அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது என்றால் அவர் திரும்பி பஸ் ஏறுவதற்குள் சோதித்து, பற்றுச்சீட்டோடு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பற்றுச்சீட்டை எப்போதும் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் விற்பவர் கொடுத்தே ஆக வேண்டும். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். எது முதலாம் ஆள், எது இரண்டாம் ஆள் என்று தினமும் சண்டை.

எக்ஸ்இன்புட் ஒரே நேரத்தில் நான்கு கொன்ட்ரோலர்கள் வரை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பொக்ஸ் 360 கொன்ட்ரோலரில் நடுவிலுள்ள ஒளிவளையத்தின் எந்தக் கால்பகுதி எரிகிறது என்று பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். மலிவானவற்றில் அந்த விளக்கு பெரும்பாலும் அழகுக்கு மட்டும். ஆகவே கேமை மூடிவிட்டு இரண்டையும் கழற்றி, முதலாம் ஆளுடையதை முதலில் செருகுங்கள். இணையச் சோதனைப் பக்கத்தில் பொத்தானை அழுத்தி எந்த எண்ணில் வருகிறது என்று பார்த்துவிட்டு, மற்றதைச் செருகுங்கள். பிறகு ஒன்றின் வயரில் நிற நாடா ஒட்டிவிடுங்கள். இரண்டும் ஸ்டீம் வழியாகப் போனால் வரிசையை அங்கேயே மாற்றலாம். ஒன்று 10 வட்டமும் மற்றது 12 வட்டமுமாக இருந்தால் முதலில் இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் சில கேம்களில் ஒருவர் விளையாட, மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.